டெட்லைனில் 'டெட்' எங்கிருந்து வந்தது?

உங்களுக்கு வந்த செய்தியில் இருந்தது இதுதான்: 'டெட்லைன்' என்பது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கைதிகளைச் சுட்டுக்கொன்ற ஒரு கோட்டின் பெயர். அது உண்மையா, கட்டுக்கதையா என்பது உங்கள் முதல் கேள்வி. கூடவே, உங்கள் மேலாளர் ஒரே மின்னஞ்சலில் டெட்லைன், டியூ டேட், டார்கெட் டேட், டைம்லைன் என்று மாற்றி மாற்றி எழுதுகிறாரே, எல்லாம் ஒன்றுதானா, தமிழில் எழுதும்போது எதைப் போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகள்போலத் தெரிந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டியவை. அந்தச் சொல் முதலில் எதைச் சுட்டியது என்று தெரிந்துகொண்டால், இன்று அதை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் நாளிதழ் டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்திப் பக்கம் அமைக்கும் பிரிவில், பல ஆண்டுகள் இருந்தவன். அதன் பிறகு அலுவலகக் கடிதங்கள், ஒப்பந்தங்கள், அறிவிப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றும் வேலை. சொற்பிறப்பியலை முறையாகப் படித்தவன் அல்ல. ஆகவே வரலாற்றுப் பகுதியில் ஆவணங்களிலும் பெரிய அகராதிகளிலும் இருப்பதைத்தான் சொல்கிறேன். எது உறுதி, எது ஊகம் என்பதையும் அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன். பயன்பாட்டைப் பற்றிச் சொல்வது என் தொழில் அனுபவத்திலிருந்து.

முதலில் உறுதியானது. அப்படி ஒரு கோடு இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் தரப்பு, ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு போர்க்கைதி முகாமை அமைத்தது. முகாமின் அதிகாரபூர்வப் பெயர் கேம்ப் சம்டர். 1864 பிப்ரவரி இறுதியில் பிடிபட்ட வடக்குப் படையினர் அங்கே கைதிகளாக வரத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 10,000 பேருக்கென்று திட்டமிட்ட இடம் அது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 32,000 பேருக்கு மேல் அதற்குள் அடைந்து கிடந்தார்கள். முகாம் இயங்கிய 14 மாதங்களில் ஏறத்தாழ 45,000 பேர் அங்கே வைக்கப்பட்டார்கள்; கிட்டத்தட்ட 13,000 பேர் உயிரோடு வெளியே வரவில்லை.

முகாமைச் சுற்றிப் பைன் மரத்துண்டுகளை நெருக்கமாக நட்டு உயரமான வேலி எழுப்பியிருந்தார்கள். அந்த வேலிக்கு உட்புறமாக, சுமார் 19 அடி தள்ளி, இடுப்பளவு உயரத்துக்குக் குச்சிகளை நட்டு, மேலே மெல்லிய சட்டங்களை அடித்து இன்னொரு எல்லை போட்டிருந்தார்கள். யாரையும் தடுத்து நிறுத்தும் பலம் அதற்குக் கிடையாது. ஒரு குழந்தைகூடத் தாண்டிவிடலாம். ஆனால் அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, வேலியின் மேலே கூண்டுகளில் நின்ற காவலர்கள் எச்சரிக்கையின்றிச் சுடலாம் என்பது உத்தரவு. அந்த எல்லையைத்தான் 'டெட் லைன்' என்றார்கள். அப்போது அதை இரண்டு சொற்களாகத்தான் எழுதினார்கள்.

இது யாரோ பின்னாளில் ஜோடித்த கதை இல்லை என்பதற்கு ஒரு நீதிமன்ற ஆவணமே சாட்சி. முகாமின் உட்பகுதிக்குப் பொறுப்பாக இருந்த கேப்டன் ஹென்றி வர்ஸ் போர் முடிந்ததும் ராணுவ விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். 1865 நவம்பர் 10-ஆம் தேதி வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான குற்றப்பத்திரிகையில் 'டெட் லைன்' பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. அதில் ஒரு விவரம் எனக்கு மறப்பதே இல்லை: அந்தக் கோடு பல இடங்களில் வெறும் கற்பனைக் கோடாகவே இருந்தது என்றும், மற்ற இடங்களில் ஆட்டம் கண்ட குச்சிகளும் சட்டங்களும்தான் அதற்கு அடையாளம் என்றும் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். அதாவது எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாத ஒரு எல்லையைத் தாண்டியதற்காக ஆட்கள் சுடப்பட்டார்கள். கோடு போட்டது ஒரு கொடுமை என்றால், அதைத் தெளிவாகக் காட்டாதது இன்னொரு கொடுமை. இந்த விவரத்துக்குப் பயன்பாட்டைப் பேசும்போது திரும்ப வர வேண்டியிருக்கும்.

இங்கே இரண்டு மூன்று திருத்தங்கள் தேவை. நீங்கள் அனுப்பிய செய்தியில் இவை தவறாகவோ இல்லாமலோ இருந்தன. அங்கே செத்த 13,000 பேரும் கோட்டைத் தாண்டிச் சுடப்பட்டவர்கள் என்பதுபோல அதில் எழுதியிருக்கிறது. இல்லை. மிகப் பெரும்பாலோர் வயிற்றுப்போக்கு, சீதபேதி, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி ஆகியவற்றால் செத்தார்கள். கெட்ட தண்ணீரும் போதாத உணவும் நெரிசலும்தான் காரணம். கோட்டில் சுடப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் ஒரு சிறு பகுதி. இரண்டாவது, இது தென் தரப்பு மட்டும் செய்த வேலை இல்லை. மேரிலாந்தின் பாயிண்ட் லுக்கவுட் போன்ற வடக்குத் தரப்புச் சிறைமுகாம்களிலும் டெட் லைன் இருந்தது. பேர் போனது ஆண்டர்சன்வில் என்பதால் கதை அங்கேயே நின்றுவிட்டது.

மூன்றாவதுதான் முக்கியமானது. அந்தக் கோட்டுக்கும் நேரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது தரையில் இருந்த கோடு. 'குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்காத கைதியைச் சுட்டார்கள்' என்று உங்கள் செய்தியில் வரும் வரி முழுக்கப் பொய். இடத்தைக் குறித்த ஒரு சொல் எப்படிக் காலத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியது என்பதுதான் உண்மையான புதிர். செய்தியை எழுதியவர் அந்தப் புதிரை அவிழ்க்கவில்லை. தனக்கு வசதியாக ஒரு வரியைச் செருகி மறைத்துவிட்டார்.

போருக்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு நல்ல தடயங்கள் இருக்கின்றன. சிறையில் இருந்து மீண்டவர்கள் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள், பத்திரிகைகள் விசாரணையை விரிவாக வெளியிட்டன, சொல் அமெரிக்கா முழுக்கப் பரவியது. பரவியபோது அதன் பொருள் தளர்ந்தது. 'தாண்டினால் உயிர் போகும்' என்பதிலிருந்து 'தாண்டக் கூடாது' என்ற அளவுக்கு இறங்கியது. 1870களில் கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில், ஊரின் நடுவே ஓடிய ரயில் பாதையை டெட் லைன் என்றார்கள். அதற்கு வடக்கே யாரும் துப்பாக்கி ஏந்தித் திரியக் கூடாது. 1880-ல் நியூயார்க் காவல்துறையின் துப்பறியும் பிரிவுத் தலைவர் தாமஸ் பர்ன்ஸ், வங்கிகளும் நகைக்கடைகளும் நிறைந்த வால் ஸ்ட்ரீட் பகுதியைத் திருடர்களிடமிருந்து காக்க ஃபுல்டன் தெருவை எல்லையாக அறிவித்தார். போலீசுக்குத் தெரிந்த குற்றவாளி எவனாவது அந்தத் தெருவுக்குத் தெற்கே தென்பட்டால் உடனே கைது. அந்தத் தெருவும் டெட் லைன் என்றே பேர் பெற்றது. ஆக, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சராசரி அமெரிக்கருக்கு இந்தச் சொல் சிறையை நினைவூட்டாமலே புரியும் சொல்லாகிவிட்டது.

இன்னும் காலம் வரவில்லை, கவனியுங்கள். எல்லாமே இடம். அடுத்த தடயம் அச்சுக்கூடத்தில் கிடைக்கிறது. 1910களின் அச்சுத்தொழில் பதிவுகளில் 'டெட் லைன்' என்பது அச்சு இயந்திரத்தின் படுகைமேல் குறித்த ஒரு கோடு. ஈய எழுத்துகளைக் கோத்து இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிய பக்கத்தை அந்தப் படுகையில் வைக்கும்போது, எழுத்து எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கக் கூடாது. தாண்டினால் அந்த வரி தாளில் பதியாது. காகிதத்தைப் பிடித்து இழுக்கும் கிரிப்பர்கள் அந்த எழுத்தின் மேல் மோதி அதை நசுக்கிவிடவும் கூடும். இங்கேயும் அது இடத்தைக் குறிக்கும் கோடுதான். ஆனால் பத்திரிகைக்காரர்கள் புழங்கும் அதே கட்டடத்துக்குள் சொல் வந்துவிட்டது.

அதே 1910களில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் இது நேரத்தைக் குறிக்கத் தொடங்குகிறது: இத்தனை மணிக்குப் பிறகு வரும் செய்தி இந்தப் பதிப்பில் ஏறாது. 1920-ல் பத்திரிகை உலகைக் கதைக்களமாகக் கொண்டு வந்த ஒரு மௌனப் படத்தின் தலைப்பே 'டெட்லைன் அட் இலெவன்'. டிக்கெட் வாங்கி வரும் சாதாரண ரசிகருக்குப் புரியாத சொல்லை யாரும் தலைப்பில் வைப்பதில்லை. ஆகவே அதற்குள் அது செய்தியாசிரியர்களின் குழூஉக்குறி என்ற நிலையைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அங்கிருந்து விளம்பரத் துறை, அரசு அலுவலகம், பல்கலைக்கழகம், மென்பொருள் நிறுவனம் என்று இன்று நம் எல்லோருடைய மேசையிலும் அது உட்கார்ந்திருக்கிறது.

பத்திரிகைக்கு ஏன் இப்படி ஒரு சொல் தேவைப்பட்டது என்பதை அந்தக் காலத்து வேலைமுறையைப் பார்த்தால்தான் உணர முடியும். 1886-ல் லைனோடைப் இயந்திரம் வந்த பிறகு எழுத்துக் கோப்பது வேகமானது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த வேலைகளுக்கு அவற்றுக்கே உரிய நேரம் தேவைப்பட்டது. கோத்த பக்கத்தின்மேல் ஈரமான காகித அட்டையை வைத்து அழுத்தி வார்ப்பச்சு எடுக்க வேண்டும். அதை வளைத்து உருகிய ஈயம் ஊற்றி வளைந்த தட்டு வார்க்க வேண்டும். தட்டு ஆறி, சீவப்பட்டு, சுழல் அச்சு இயந்திரத்தில் ஏற வேண்டும். அச்சான கட்டுகள் ரயில் கிளம்பும் முன் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ரயில் காத்திருக்காது. அந்த ரயில் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்தால் நிருபர் எழுதி முடிக்க வேண்டிய நிமிடம் கிடைக்கும். அது யாரோ ஒருவர் விருப்பப்படி வைத்த நேரம் இல்லை; இயந்திரமும் ரயிலும் சேர்ந்து போட்ட கோடு.

நான் வேலை பார்த்தபோது ஈயம் போய்க் கணினி வந்துவிட்டது, ஆனால் அந்தக் கோடு அப்படியேதான் இருந்தது. இரவுப் பணியில் கடைசிப் பக்கத்தை விடுவதற்கு முன்னான அந்தச் சில நிமிடங்களை டெஸ்க்கில் இருந்த எவரும் மறக்க மாட்டார்கள். தலைப்பில் ஓர் எண் சந்தேகமாக இருக்கும். நிருபர் தொலைபேசியை எடுக்க மாட்டார். தட்டு எடுக்கும் பகுதியிலிருந்து ஆள் வந்து கதவருகே நின்றபடி 'பக்கம் போயாச்சா?' என்பார். எண் உறுதியாகவில்லை என்றால் 'பலர் காயம்' என்று மாற்றிப் பக்கத்தை விட்டுவிடுவோம். சரியான எண் பத்து நிமிடம் கழித்து வரும். வந்து என்ன பயன்? அந்தப் பதிப்புக்கு அது வராத செய்திதான். தாமதமாக வந்த செய்திக்குக் குறைந்த மதிப்பு என்பது கிடையாது, அந்தப் பதிப்பில் அதற்கு இடமே கிடையாது. டெட்லைன் என்ற சொல்லின் முழு எடையும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

இப்போது சந்தேகத்துக்குரிய பகுதி. சிறைக்கோடு, தெருக்கோடு, அச்சுக்கோடு, பத்திரிகை நேரம் ஆகிய நான்கும் இருந்தன என்பது உறுதி. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதற்குத்தான் நேரடிச் சான்று இல்லை. 'சிறைக்கோட்டை மனத்தில் வைத்து இந்தப் பெயரை இட்டோம்' என்று எந்தச் செய்தியாசிரியரும் எழுதி வைத்ததாக அகராதிகள் காட்டுவதில்லை. அதனால் கவனமான அகராதிகள் 'சிறைக்கோட்டின் தாக்கம் இருக்கலாம்' என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றன. சிலர் அச்சு இயந்திரக் கோடுதான் நேரடித் தாய் என்கிறார்கள். மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் உண்டு: யாருக்கும் கடன்படாமல் பத்திரிகை அலுவலகமே புதிதாக உருவாக்கிக்கொண்டது என்பது. அச்சுக்கூடப் பேச்சில் 'டெட்' ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த சொல். அச்சாகி முடிந்து இனிப் பயன்படாத எழுத்துக்கோப்பு 'டெட் மேட்டர்', இன்னும் அச்சேற இருப்பது 'லைவ் மேட்டர்'. போடாமல் நிறுத்திய செய்தியைக் 'கொன்றுவிட்டோம்' என்பதும் அங்கே சாதாரணப் பேச்சு.

ஆங்கிலத்தில் 'டெட்' என்றாலே சாவுதான் என்றும் கொள்ள வேண்டியதில்லை. 'டெட் எண்ட்' என்பது முட்டுச் சந்து, 'டெட் ஸ்டாப்' என்பது முற்றாக நிற்பது, 'டெட் சென்டர்' என்பது துல்லியமான மையம். அசையாத, முழுமையான, மாற்றமில்லாத என்ற பொருள்கள் அந்தச் சொல்லுக்கு வெகு காலமாகவே உண்டு. உள்நாட்டுப் போருக்குச் சற்று முன்பே ஓடாமல் ஒரே இடத்தில் கிடக்கும் தூண்டில் கயிற்றை 'டெட் லைன்' என்று சொன்ன பதிவு இருக்கிறது. அதற்கும் நம் சொல்லுக்கும் உறவில்லை. ஆனால் இந்த இரண்டு சொற்களும் சேர்வதற்கு ஒரு சிறைமுகாம் கட்டாயம் இல்லை என்பதை அது காட்டுகிறது.

என் கருத்தைக் கேட்டால், சிறையிலிருந்து நேராகச் செய்தி அறைக்கு யாரும் சொல்லைத் தூக்கி வரவில்லை. சிறைக்கோடு இந்தச் சொல்லை அமெரிக்கப் பேச்சில் நிலைநிறுத்தியது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அது 'தாண்டக் கூடாத எல்லை' என்ற பொதுச் சொல்லாகியது. பத்திரிகைக்காரர்கள் அந்தப் பொதுச் சொல்லை எடுத்து நேரத்துக்குப் பொருத்தினார்கள். அருகிலேயே அச்சுக்கோடு இருந்தது அதற்கு உதவியிருக்கலாம். ஃபுல்டன் தெருவும் டாட்ஜ் சிட்டியும்தான் என்னை இந்தப் பக்கம் சாய்க்கின்றன. அந்த இடைக்காலப் பொருள் இல்லையென்றால் தாவல் பெரிதாகத் தெரியும். ஆனாலும் இது ஊகம்தான். யாருக்காவது பதில் எழுதினால் 'சிறைக்கோடு உண்மை, சொல் அங்கிருந்து வந்திருக்கலாம்' என்று எழுதுங்கள். 'அங்கிருந்துதான் வந்தது' என்று எழுத வேண்டாம்.

இனி உங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கு வருகிறேன். சிறைக்கோடு முதல் பத்திரிகை நேரம் வரை மேலே பார்த்த நான்குக்கும் பொதுவான ஒன்று உண்டு: கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று முடிந்துபோகிறது. சிறையில் உயிர், தெருவில் திருடனின் சுதந்திரம், அச்சில் வரி, பத்திரிகையில் செய்தியின் இடம். இன்றைய பயன்பாட்டிலும் இதுவே அளவுகோல். அந்த நேரத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு கதவு உண்மையிலேயே மூடுமானால் அது டெட்லைன். டெண்டர் பெட்டி மூடும் நேரம், விண்ணப்பப் பக்கம் வேலை செய்யாமல் போகும் நேரம், வாடிக்கையாளருக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத் தேதி எல்லாம் அப்படிப்பட்டவை.

டியூ டேட் என்பது வேறு. அது கொடுக்க வேண்டிய கடமை எழும் நாள். மின் கட்டணத்துக்கும் கடன் தவணைக்கும் நூலகப் புத்தகத்துக்கும் டியூ டேட் உண்டு. அன்று கொடுக்காவிட்டால் அபராதம் சேரும், கடமை மறைந்துவிடாது. மறுநாளும் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். டெட்லைன் போனால் பெரும்பாலும் கொடுக்கும் வாய்ப்பே போய்விடும். நடைமுறையில் இரண்டையும் கலந்து சொல்வதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரித்துச் சொல்கிறவரின் மின்னஞ்சலைப் படிப்பவருக்கு வேலை சுலபம். டார்கெட் டேட் என்றால் நாமாக வைத்துக்கொண்ட இலக்கு. தவறினால் திட்டத்தைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். கட்-ஆஃப் என்பது வரிசையாக வந்துகொண்டிருப்பவற்றை ஓரிடத்தில் அறுப்பது: மாலை 3 மணி வரை வந்த ஆர்டர் இன்றைய கணக்கு, அதன் பிறகு வந்தது நாளைய கணக்கு. டைம்லைன் தேதியே இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை எது எப்போது என்ற வரிசை. 'டைம்லைன் என்ன?' என்று கேட்டவருக்கு 'வெள்ளிக்கிழமை' என்று பதில் சொன்னால் அவர் கேட்டதில் கால் பங்குக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது.

பத்திரிகைக்காரர்களுக்கு இதற்கு நேர் எதிரான ஒரு சொல்லும் உண்டு: எம்பார்கோ. டெட்லைன் 'இதற்குப் பிறகு ஆகாது' என்றால், எம்பார்கோ 'இதற்கு முன் வெளியிடாதே'. அறிக்கையின் தலையில் இரண்டும் இருந்தால் நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் வேறொரு வழக்கு இருக்கிறது. பழுதாகி ஓட்ட முடியாமல் ஒதுக்கி வைத்த வண்டியை 'டெட்லைன் ஆன வண்டி' என்பார்கள். அந்தத் துறை ஆவணம் கைக்கு வந்தால் காலக்கெடு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

சொல்லோடு சேரும் வினைகளில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் டெட்லைனை 'மீட்' பண்ணலாம், 'மிஸ்' பண்ணலாம், 'செட்' பண்ணலாம், 'எக்ஸ்டெண்ட்' பண்ணலாம். நாம் 'கெடு தாண்டிவிட்டது' என்பதை அப்படியே கொண்டுபோய் 'வீ க்ராஸ்டு தி டெட்லைன்' என்று எழுதுகிறோம். நமக்குள் புரியும்; மற்ற நாட்டுக்காரருக்கு ஒரு கணம் இடறும். 'வீ மிஸ்டு தி டெட்லைன்' என்பதுதான் இயல்பு. அதேபோல 'ஐ ஆம் ஹேவிங் எ டெட்லைன்' வேண்டாம், 'ஐ ஹேவ் எ டெட்லைன்' போதும். தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதை 'ப்ரீபோன்' என்று எழுதுவது இந்திய ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட, அழகான சொல்தான். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்றால் சிக்கல் இல்லை. 'லாஸ்ட் டேட்' என்பதும் இப்படித்தான். அங்கே 'க்ளோசிங் டேட்' என்றோ டெட்லைன் என்றோ சொல்வார்கள்.

'பை', 'அன்டில்' இரண்டையும் குழப்பிக்கொள்வது இதைவிட ஆபத்து. இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'வெள்ளிக்குள் அனுப்பு' என்றால் 'பை ஃப்ரைடே', வெள்ளி முடிவதற்குள் ஒரு தடவை நடந்தால் போதும். 'வெள்ளி வரை அனுப்பலாம்' என்றால் 'அன்டில் ஃப்ரைடே', அதுவரை கதவு திறந்திருக்கிறது. தமிழில் '-க்குள்' வரும் இடத்தில் 'பை', 'வரை' வரும் இடத்தில் 'அன்டில்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. 'சப்மிட் இட் அன்டில் ஃப்ரைடே' என்ற வாக்கியத்தை நான் அடிக்கடி திருத்தியிருக்கிறேன். அதை எழுதியவர்கள் தமிழில் ஒருநாளும் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள்.

கற்பனைக் கோடு என்று குற்றப்பத்திரிகையில் இருந்ததைச் சொன்னேன் அல்லவா? அதற்கு இப்போது வருகிறேன். 'வெள்ளிக்குள்' என்றால் வெள்ளி காலையா, அலுவலகம் முடியும் நேரமா, நள்ளிரவா? 'எண்ட் ஆஃப் டே' என்றால் யாருடைய நாள், எந்த நேர மண்டலம்? 'வெள்ளி நள்ளிரவு 12 மணி' என்றால் வெள்ளி பிறக்கும் நேரமா, முடியும் நேரமா? இதனால்தான் பல இணையப் படிவங்கள் இரவு 11.59 என்று போடுகின்றன. சர்வதேச ஆய்வு மாநாடுகள் சிலவற்றில் 'எனிவேர் ஆன் எர்த்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உலகின் ஏதாவது ஒரு மூலையில் அந்தத் தேதி மீதமிருக்கும் வரை அனுப்பலாம் என்று அர்த்தம், அதாவது உலகப் பொது நேரத்துக்கு 12 மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தின் நள்ளிரவு. நல்ல ஏற்பாடு அது. தேதி, மணி, மண்டலம் மூன்றையும் சொல்லாமல் ஒருவரைத் தாமதத்துக்குக் குறை சொல்வது நியாயமில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது 'ஹார்ட் டெட்லைன்', 'சாஃப்ட் டெட்லைன்' என்று இரண்டு கிளம்பியிருக்கின்றன. எல்லாத் தேதிக்கும் டெட்லைன் என்றே பெயர் வைத்ததால் வந்த வினை இது. நிஜமாக எது மூடுகிறது என்று யாருக்கும் தெரியாமல் போய், 'ஹார்ட்' என்று அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. பணிபுரிபவர்களை விரட்டுவதற்காகப் பொய்யாக ஒரு தேதியை வைத்து, அது கடந்த பிறகும் எதுவும் நடக்காமல் விடும் மேலாளரின் அடுத்த டெட்லைனை யாரும் நம்புவதில்லை. அது உண்மையான டெட்லைனாக இருக்கும்போதும்.

தமிழுக்கு வருவோம். 'காலக்கெடு' நல்ல சொல், செய்தியிலும் அரசு ஆவணத்திலும் நிலைத்த சொல். தனியாகக் 'கெடு' என்றால் பத்திரிகைத் தமிழில் மிரட்டல் தொனி வந்துவிடுகிறது. 'அரசுக்கு 48 மணி நேரம் கெடு' என்ற தலைப்பு ஆங்கிலத்தில் அல்டிமேட்டம். இந்தக் 'கெடு' அழிவதைக் குறிக்கும் வினையோடு உறவுடையதா என்று உங்களுக்குத் தோன்றலாம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் 'கடுவு' என்ற சொல் இருப்பதால், அது தனிச் சொல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்துக்குக் 'கடைசி நாள்' அல்லது 'இறுதி நாள்', கட்டணத்துக்குச் 'செலுத்த வேண்டிய நாள்', இலக்குக்கு 'இலக்கு நாள்', டைம்லைனுக்குக் 'கால அட்டவணை'. டெட்லைனைத் தள்ளிப்போடக் கேட்பதற்கு நம்மிடம் 'வாய்தா வாங்குவது' என்ற உயிருள்ள வழக்கு இருக்கிறது. நீதிமன்றப் பேச்சிலிருந்து வந்தது என்பதால் அலுவலகக் கடிதத்தில் 'கால நீட்டிப்பு' என்றே எழுதுங்கள். பேச்சில் 'டெட்லைன்' என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. அது நம் சொல்லாகவே ஆகிவிட்டது.

உங்கள் மேலாளரின் மின்னஞ்சலில் வரும் நான்கு சொற்களில் எது நிஜமான கோடு என்று அந்த மின்னஞ்சலை வைத்து என்னால் சொல்ல முடியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். ஆகவே பதிலில் இப்படிக் கேளுங்கள்: 'அறிக்கையை வெள்ளி மாலை 5 மணிக்குள் தருகிறேன். வாடிக்கையாளருக்கு நாம் அனுப்ப வேண்டிய கடைசி நேரம் எது? அதற்குப் பிறகு அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்களா, மாட்டார்களா?' இரண்டாவது கேள்விக்கு 'மாட்டார்கள்' என்று பதில் வந்தால் அந்த நேரத்தை நாட்காட்டியில் டெட்லைன் என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்து நீங்களே வைத்துக்கொள்ளலாம்.